"வெறும் டிராஃப்ட்ஸ்மேன்" ஆம்! 1912 பீஜோ என்ஜின் யாருடையது?

பழைய_பிஸ்டன்:
நேற்று இந்த மன்றத்தின் டயர் பற்றிய விவாத இழையில் பார்சிலோனா_பாலு போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். "1912 பீஜோ என்ஜின் மார்க் பிர்கிட்டின் மூளை, எர்னெஸ்ட் ஹென்றி வெறும் டிராஃப்ட்ஸ்மேன்." அந்த "வெறும்" என்ற சொல்தான் ராத்திரி முழுக்க என்னைத் தூங்க விடவில்லை. அங்கே பதில் எழுதினால் இழை திசை மாறுகிறது என்று நிர்வாகி சத்தம் போடுவார், அதனால் தனியாக ஆரம்பிக்கிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிர்கிட் என்பவர் பார்சிலோனாவின் ஹிஸ்பானோ-சுய்ஸா கார் கம்பெனியின் பொறியாளர். டிராஃப்ட்ஸ்மேன் என்றால் என்ஜினின் வரைபடம் வரைகிறவர். அந்தக் காலத்து ரேஸ் கார் என்றால் அண்டா அண்டாவாக சிலிண்டர். 1912 பிரெஞ்சு கிராண்ட் பிரீக்கு ஃபியட் கொண்டு வந்த எஸ்74 காரில் நாலே சிலிண்டர், 14.1 லிட்டர். பீஜோ கொண்டு வந்த எல்76 என்ஜின் 7.6 லிட்டர், அதில் ஏறக்குறைய பாதி. ஆனால் சிலிண்டர் ஹெட்டுக்கு மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் இரண்டு, சிலிண்டருக்கு நாலு வால்வு, அவை எதிரெதிரே சாய்வாக. இன்று உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரின் பானெட்டுக்குள் இருப்பதும் பெரும்பாலும் அதே ஏற்பாடுதான். தியெப் நகரில் இரண்டு நாள் ஓடி, 1,500 கிலோமீட்டருக்கு மேல் போய், ஜார்ஜ் புவாலோ அந்த பீஜோவில் ஜெயித்தார். அடுத்த வருடம் ஜூல் கூ அமெரிக்காவுக்குப் போய் இண்டியானாபோலிஸ் 500ஐயும் ஜெயித்தார், இரண்டாவது வந்தவரைவிட 13 நிமிடம் முன்னால். நிமிடம், விநாடி இல்லை.

இதற்கெல்லாம் படம் போட்டவர் ஜெனீவாக்காரர் ஹென்றி. படம் போட்டவர் என்றால் என்ன, கோலம் போட்டவரா? பாலு சாருக்கு என் ஒரே கேள்வி இதுதான். பிர்கிட் கையால் வரைந்த இரட்டை கேம் படம் ஒன்று, ஒன்றே ஒன்று, காட்டுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

பார்சிலோனா_பாலு:
அடேயப்பா, ஒரு வரிக்கு இவ்வளவு கோபமா. சரி, வந்துவிட்டேன்.

பீஜோ குழுவில் மூன்று ஓட்டுநர்கள், புவாலோ, கூ, பாவ்லோ ஜுக்கரெல்லி. மூன்றாமவர் எங்கிருந்து வந்தார் என்பதை நீங்கள் நைசாக விட்டுவிட்டீர்கள். ஹிஸ்பானோ-சுய்ஸாவிலிருந்து. 1910ல் பூலோன் பந்தயத்தில் பீஜோவின் சிறிய கார்களைத் தோற்கடித்த ஹிஸ்பானோவை ஓட்டியவர் இதே ஜுக்கரெல்லி. பார்சிலோனாவில் பிர்கிட் அடுத்து என்ன யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர். அவர் இடம் மாறிய கையோடு பீஜோவுக்குத் திடீரென்று ஞானோதயம். அதற்கு முன் பீஜோவின் சிறிய கார்கள் எப்படி இருந்தன தெரியுமா? 80 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 280 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) உள்ள இரட்டை சிலிண்டர். பானெட் ஓட்டுநரின் மூக்கு வரை நிற்கும். புகைப்போக்கிக்கு சக்கரம் வைத்த மாதிரி. அந்தக் கம்பெனி ஒரே வருடத்தில் எல்76 செய்ததாம், ஜெனீவாவில் படகு என்ஜின் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு இளைஞர் தனியாகக் கண்டுபிடித்தாராம்.

ஆன்ரி (பிரெஞ்சில் அப்படித்தான் சொல்ல வேண்டும், ஹென்றி இல்லை) டிராஃப்ட்ஸ்மேன்தான். நான் "வெறும்" என்று எழுதியது தப்பு என்றால் "நல்ல டிராஃப்ட்ஸ்மேன்" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய_பிஸ்டன்:
படம் எங்கே?

உச்சரிப்பு வகுப்பு எடுத்ததற்கு நன்றி. படம் எங்கே?

நீங்கள் சொன்ன 1910 ஹிஸ்பானோவையே எடுத்துக்கொள்வோம். அது டி-ஹெட் என்ஜின். வால்வுகள் மேலே இல்லை, சிலிண்டருக்கு இரண்டு பக்கமும் கீழே உட்கார்ந்திருக்கும். அதை வைத்து ஸ்பெயின் ராஜா அல்ஃபோன்ஸோ பெயரில் விற்ற கார், 3.6 லிட்டர், அதுவும் டி-ஹெட்தான். பிர்கிட்டின் புகழ்பெற்ற வி8 விமான என்ஜின், ஸ்பாட் போர் விமானங்களில் இருந்ததே, அதில் ஒரு வரிசைக்கு ஒரே கேம் ஷாஃப்ட். 1919 எச்6 கார், ஒற்றை கேம். 1930களில் வந்த பெரிய வி12 காரில் கேமைக் கீழே வைத்து, நீளக் கம்பியால் வால்வைத் தள்ளும் புஷ் ராடுக்கே போய்விட்டார். இரட்டை கேமும் நாலு வால்வும் அந்த மனிதரின் மூளையில் பிறந்த குழந்தை என்றால், சொந்த வீட்டில் ஒரு நாளாவது அதைத் தொட்டிலில் போட்டிருக்க வேண்டாமா?

டீசல்_தாத்தா:
இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். ஒரு என்ஜினை "உருவாக்கினார்" என்று எதைச் சொல்கிறோம் என்று முதலில் முடிவு செய்துகொள்ளலாமே. யோசனை சொன்னவரா, அளவு கணக்குப் போட்டவரா, பலகையில் வரைந்தவரா, ஓட்டிப் பார்த்து இது உடைகிறது மாற்று என்று சொன்னவரா? நாலும் நாலு ஆளாக இருந்தால் இந்தச் சண்டையே வேண்டாம்.

தவிர, தலைக்கு மேல் கேம் ஷாஃப்ட் என்பதே 1912ல் புதிது இல்லை. இங்கிலாந்தில் மாட்ஸ்லே 1902லேயே வைத்துவிட்டார்கள். நீங்கள் அடித்துக்கொள்ளும் அதே ஃபியட் எஸ்74க்கும் மேலேதான் கேம், ஒன்றே ஒன்று. புதிது என்பது சேர்க்கைதான்.

எங்கள் வீட்டு பழைய அம்பாசிடரின் வால்வு கவரைக் கழற்றி ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்திருக்கிறேன். அதில் கேம் கீழே இருக்கும். அது டேப்பட்டைத் தூக்கி, டேப்பட் நீளமான புஷ் ராடைத் தூக்கி, ராட் ராக்கரை இடித்து, கடைசியில்தான் வால்வு அமுங்கும். ஒரு தாக்கல் சொல்ல நாலு ஆள் அனுப்புகிற மாதிரி. வேகம் கூடினால் கடைசி ஆளுக்குத் தாக்கல் போய்ச் சேராது, வால்வு நேரத்துக்கு மூடாமல் மிதக்க ஆரம்பிக்கும். இரட்டை கேமில் நடுவில் உள்ள ஆட்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

பார்சிலோனா_பாலு:
பிஸ்டன் சாரின் தொட்டில் கதை நன்றாக இருக்கிறது. நானும் ஒரு கதை சொல்கிறேன். 1922, ஸ்ட்ராஸ்பர்க். பிரெஞ்சு கிராண்ட் பிரீ. இங்கிலாந்து சன்பீம் கம்பெனியின் இரண்டு லிட்டர் கார்கள். என்ஜின் யாருடையது? உங்கள் ஆன்ரியுடையது. நாலு சிலிண்டர், பதினாறு வால்வு, இரட்டை கேம், எல்லாம் அச்சு அசல் அதே சமையல். என்ன ஆயிற்று? வால்வு உடைந்து ஒரு காரும் முடிக்கவில்லை. ஃபியட்டின் ஆறு சிலிண்டர் ஜெயித்துவிட்டுப் போயிற்று. சன்பீம்காரர்கள் அத்தோடு ஆன்ரியின் வழியை விட்டுவிட்டு, ஃபியட்டிலிருந்து பெர்த்தாரியோனே என்பவரை அழைத்து வந்து ஃபியட் மாதிரியே ஒன்று செய்து, 1923ல் டூர் நகரில் ஜெயித்தார்கள்.

பக்கத்தில் ஜுக்கரெல்லி இருந்தவரை வெற்றி, இல்லாதபோது வால்வு துண்டு துண்டு. 1922 ஸ்ட்ராஸ்பர்க் சார். 1922 ஸ்ட்ராஸ்பர்க்.

மெர்சிடிஸ்_மணியன்:
இரட்டை கேம், இரட்டை கேம் என்று ஆளுக்கு ஆள் குதிக்கிறீர்களே, 1914 ஜூலை 4, லியோன் என்று ஒரு நாள் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? பீஜோவில் 4.5 லிட்டர், இரட்டை கேம், நாலு சக்கரத்துக்கும் பிரேக், சொந்த ஊர் கூட்டம். மெர்சிடிஸில் ஒற்றை கேம். முடிவு மெர்சிடிஸ், மெர்சிடிஸ், மெர்சிடிஸ். லாட்டன்ஷ்லாகர், வாக்னர், ஸால்ட்ஸர். புவாலோவின் கார் கடைசிச் சுற்றில் படுத்துவிட்டது.

பழைய_பிஸ்டன்:
மணியன் வந்துவிட்டாரா, இன்னும் காணோமே என்று பார்த்தேன். போன வருடம் லாட்டன்ஷ்லாகர் பெயரில் எத்தனை "ட்" என்று நாற்பது பதிவு ஓட்டியவர் நீங்கள். லியோனில் பீஜோவை வீழ்த்தியது ஒற்றை கேம் இல்லை, டயரும் பின்னால் செருகிய இரண்டு மாற்றுச் சக்கரமும். வண்டியின் வாலில் அந்த எடையை வைத்துக்கொண்டு வளைவில் எப்படித் திரும்பும்? புவாலோ டயர் மாற்ற நின்று நின்றே நேரம் போயிற்று. அந்த நிலையிலும் பந்தயத்தின் பெரும்பகுதி முன்னால் இருந்தவர் அவர்தான். அந்த மெர்சிடிஸிலும் சிலிண்டருக்கு நாலு வால்வு. அதையும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்.

இப்போது ஸ்ட்ராஸ்பர்க். பாலு, ஒருவருக்கு ஒரு என்ஜின் கெட்டுப்போனால் முன்பு செய்ததெல்லாம் திருட்டு என்று ஆகிவிடுமா? ஜுக்கரெல்லி 1913 ஜூனில் இறந்துவிட்டார். திறந்த சாலையில் சோதனை ஓட்டம், குறுக்கே ஒரு மாட்டு வண்டியோ குதிரை வண்டியோ, ஏதோ ஒரு பண்ணை வண்டி. புவாலோ 1916ல் போர் விமானத்தில் சண்டையிட்டு இறந்தார். அப்புறம் 1919ல் பிரான்சின் பாலோ கம்பெனிக்கு ஹென்றி எட்டு சிலிண்டர் என்ஜின் செய்தார், ஏறக்குறைய நாலு மாதத்தில், படத்திலிருந்து கப்பல் ஏற்றுவது வரை. இண்டியானாபோலிஸில் தகுதிச் சுற்றிலேயே ரெனே தோமா அதை மணிக்கு 104 மைலுக்கு மேல் ஓட்டினார், அந்த வருடத்தின் அதிவேகம் அதுதான். 1921ல் முதல் இத்தாலியன் கிராண்ட் பிரீ நடந்தது, அதில் ஜெயித்தது கூ, பாலோ காரில். இதற்கெல்லாம் ஜுக்கரெல்லி ஆவியாக வந்து காதில் சொன்னாரா?

படம். எங்கே. காட்டுங்கள்.

பார்சிலோனா_பாலு:
1919ல் என்ன செய்தார்? அதே தலையை எட்டு சிலிண்டருக்கு நீட்டினார். கையில் இட்லித் தட்டு இருக்கிறவன் நாலுக்குப் பதிலாக எட்டு இட்லி ஊற்றினால் தட்டைக் கண்டுபிடித்தவன் ஆகிவிடுவானா? அதிலும் அந்த வருட இண்டியானாபோலிஸில் ஜெயித்தது யார்? பழைய பீஜோ! ஹௌடி வில்காக்ஸ் ஓட்டிய, போருக்கு முன்பு செய்த பீஜோ. ஆன்ரியின் புது என்ஜினை ஆன்ரியின் பழைய என்ஜின் தோற்கடித்தது. சிரிப்பு வரவில்லையா?

அப்புறம் 1922 ஸ்ட்ராஸ்பர்க்குக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

சும்மா_வந்தவன்:
நான் புதிது, கோபித்துக்கொள்ளாதீர்கள். 1913 இண்டியானாபோலிஸில் ஜூல் கூ ஓட்டும்போதே ஷாம்பெய்ன் குடித்துக்கொண்டு ஓட்டினாராமே, உண்மையா?

மெர்சிடிஸ்_மணியன்:
உண்மைதான் தம்பி, நிற்கும்போதெல்லாம் ஒரு பாட்டில். எத்தனை பாட்டில் என்று கேட்டால் நாலு என்பார் ஒருவர், ஆறு என்பார் இன்னொருவர். ஜெர்மன்காரர்கள் என்றால் தண்ணீர் குடித்துவிட்டு ஜெயித்திருப்பார்கள்.

பழைய_பிஸ்டன்:
வாய் கொப்பளித்துத் துப்பினார் என்பதுதான் நம்பத்தக்கதாக இருக்கிறது.  எல்76 ஏறக்குறைய 148 ஹெச்.பி., 2,200 ஆர்.பி.எம். அவ்வளவுதான். ஸ்ட்ரோக் 200 மி.மீ. என்பதால் அந்த 2,200லேயே பிஸ்டன் விநாடிக்கு 14 மீட்டருக்கு மேல் ஓடும். சராசரி வேகத்தைச் சொல்கிறேன். உங்கள் பைக் டாக்கோமீட்டர் பத்தாயிரம் காட்டுகிறதே என்று 2,200ஐக் கேலி செய்யாதீர்கள், ஸ்ட்ரோக்கைப் பாருங்கள். அந்த மாதிரி வண்டியை 500 மைல் முழுக்க ஒரே ஆளாக ஓட்டுகிறவர் வயிறு நிறையக் குடித்துவிட்டு 13 நிமிடம் முன்னால் வருவாரா? யோசியுங்கள் மணியன். அது சரி, ஜெர்மன் தண்ணீர்க் கதையை எங்கே படித்தீர்கள்?

மெர்சிடிஸ்_மணியன்:
அது நகைச்சுவை. உங்களுக்குப் புரியாது என்று தெரிந்தும் எழுதியது என் தப்பு. 1914ல் இரண்டாவதாக வந்த வாக்னர் பிரெஞ்சுக்காரர், 1912ல் ஃபியட்டில் உங்கள் பீஜோவுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தவரும் அவரே. என்ஜின் சண்டை போடுகிறவர்களுக்கு ஓட்டுகிறவன் கண்ணில் படுவதில்லை.

டீசல்_தாத்தா:
நான் கேட்டதை யாரும் படித்த மாதிரித் தெரியவில்லை. உருவாக்குவது என்றால் எது என்று கேட்டேன். பீஜோ தொழிற்சாலையின் பட்டம் பெற்ற பொறியாளர்களே புவாலோ, கூ, ஜுக்கரெல்லி, ஹென்றி என்ற இந்த நாலு பேரையும் சேர்த்துத்தான் "ஷார்லத்தான்கள்" என்று கிண்டல் செய்தார்கள், போலி வைத்தியர்கள் என்ற அர்த்தத்தில். திட்டும்போது நாலு பேரையும் சேர்த்துத் திட்டினார்கள், புகழை மட்டும் ஏன் ஒருவருக்கே எழுதி வைக்க வேண்டும்?

இந்த என்ஜின் அப்புறம் எங்கே போயிற்று என்று பார்ப்பதுதான் எனக்குச் சுவையான கதை. பாப் பர்மன் என்ற அமெரிக்க ஓட்டுநரின் பீஜோ என்ஜின் உடைந்துபோய், போர்க்காலத்தில் பிரான்சிலிருந்து உதிரிபாகம் வர வழியில்லாமல், லாஸ் ஏஞ்சலஸில் ஹாரி மில்லரின் பட்டறைக்கு வந்தது. அங்கே ஃபிரெட் ஆஃபன்ஹவுஸர் என்று ஒரு மெக்கானிக். உடைந்ததைப் பிரித்துப் பார்த்துத்தான் அவர்கள் கற்றார்கள். அதிலிருந்து மில்லர், மில்லரிலிருந்து ஆஃபன்ஹவுஸர், அந்தப் பரம்பரை 1976 வரை இண்டியானாபோலிஸில் ஜெயித்தது. நடுவில் 1929ல் புகாட்டி இரண்டு மில்லர் கார்களைத் தன் மூன்று கார்களுக்கு மாற்றாக வாங்கிப் பிரித்துப் பார்த்து இரட்டை கேமுக்கு மாறினார். பிரான்சிலிருந்து போனது சுற்றிக்கொண்டு பிரான்சுக்கே திரும்பி வந்தது.

பழைய_பிஸ்டன்:
தாத்தா, நல்ல கதை, ஆனால் பாருங்கள், மில்லர் பட்டறையில் பிரித்துப் பார்த்துச் செய்தவர்களை யாரும் திருடன் என்று சொல்லவில்லை, படம் வரைந்த லியோ கூஸனை எல்லோரும் மேதை என்கிறார்கள். அங்கே டிராஃப்ட்ஸ்மேன் மேதை, இங்கே டிராஃப்ட்ஸ்மேன் "வெறும்". இதுதான் என் வயிற்றெரிச்சல். நானும் பதினொரு வருடம் பலகை முன்னால் நின்றவன், அப்புறம் கணினி முன்னால். மேலதிகாரி வந்து "மேலே கேம் வைக்கலாமே" என்று காற்றில் கையை ஆட்டிவிட்டுப் போவார். அந்தக் கேமை எந்த கியர் சுற்றும், பேரிங்கை எங்கே வைப்பது, எண்ணெய் எந்த வழியாகப் போகும், ஸ்பேனர் நுழைய இடம் இருக்கிறதா, இதையெல்லாம் பென்சில் பிடிக்கிறவன்தான் யோசிக்க வேண்டும். எல்76ல் கேமைச் சுற்ற நிமிர்ந்து நிற்கும் ஷாஃப்ட் வைத்தார்கள், 1913ல் செய்த மூன்று லிட்டரில் அதைத் தூக்கிவிட்டு வரிசையாக கியர் வைத்தார்கள், எண்ணெய்த் தொட்டியைத் தனியாகப் பிரித்தார்கள். ஒரு வருடத்துக்குள். பார்சிலோனாவிலிருந்து யாரோ காதில் சொன்ன ரகசியத்தில் இந்தத் திருத்தமும் இருந்ததா? படம் தெரியாதவனுக்கு அது வருமா?

ஹென்றி 1950ல் பாரிஸில் இறந்தபோது அவரை ஞாபகம் வைத்திருந்தவர்கள் குறைவு. பிர்கிட்டுக்கு விமானம், பீரங்கி, ஹிஸ்பானோ கார்களின் நாரைச் சின்னம், ராஜாவின் நட்பு எல்லாம் இருந்தது. இருந்ததெல்லாம் போதாது என்று இதுவும் வேண்டுமா?

பார்சிலோனா_பாலு:
ஆக, இது ஆன்ரியைப் பற்றி இல்லை, உங்கள் மேலதிகாரியைப் பற்றி. முதலிலேயே சொல்லியிருந்தால் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருப்பேனே.

உங்கள் சொந்தக் கணக்குப்படியே, திருத்தங்கள் 1913ல். அடிப்படை யோசனை 1912ல். திருத்தியவர் ஆன்ரி என்று நான் எங்கே மறுத்தேன்? யோசனை ஜுக்கரெல்லியோடு பார்சிலோனாவிலிருந்து வந்தது என்கிறேன். பிர்கிட் தரப்பு இதைப் பல காலமாகச் சொல்லி வருகிறது.

பழைய_பிஸ்டன்:
"தரப்பு சொல்லி வருகிறது." அதாவது படம் இல்லை.

என் மேலதிகாரியை இழுத்ததை நான் மறக்க மாட்டேன்.

பார்சிலோனா_பாலு:
ஆன்ரி தனியாக யோசித்தார் என்பதற்கு உங்களிடம் படம் இருக்கிறதா? யோசனைக்கு எல்லாம் படம் கேட்டால் எப்படி?

1922 ஸ்ட்ராஸ்பர்க்.

டீசல்_தாத்தா:
விடிய விடிய ராமாயணம் கேட்டு சீதைக்கு ராமன் சித்தப்பா. நான் டயர் இழைக்கே போகிறேன்.

மெர்சிடிஸ்_மணியன்:
பாலு சார், "ஆன்ரி" என்று திருத்தினீர்களே, அப்படியானால் "பீஜோ" மட்டும் எப்படிச் சரி? அதிலும் ழகரம் மாதிரி ஒன்று வர வேண்டும். சொந்த விதியைச் சொந்தப் பதிவிலேயே மீறுகிறீர்கள்.

பார்சிலோனா_பாலு:
தமிழ் ழகரம் வேறு, பிரெஞ்சு ஒலி வேறு. தெரியாவிட்டால் லாட்டன்ஷ்லாகரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மெர்சிடிஸ்_மணியன்:
அதில் இரண்டு "ட்" வரும் என்று போன வருடமே நிரூபித்துவிட்டேன்.

பழைய_பிஸ்டன்:
நிரூபிக்கவில்லை. நிர்வாகி இழையைப் பூட்டினார்.

சும்மா_வந்தவன்:
அண்ணே, அப்போ ஷாம்பெய்ன் குடித்தாரா, துப்பினாரா?

பழைய_பிஸ்டன்:
துப்பினார். பாலு, மூன்று நாள் டைம் தருகிறேன். படம்.